கோழித் தலை எந்தப் பக்கம்

மேசையைச் சுத்தினது நான்தான்க்கா. அதை நான் மறைக்கவே இல்ல. பத்து பேரு உக்காந்திருக்கோம், நடுவுல பெரிய கண்ணாடித் தட்டு, விரல் வச்சுத் தள்ளினா சுத்தும், யாருக்கு எது வேணுமோ அது அவங்க முன்னாடி வந்து நிக்கும். அதுமேல பன்னெண்டு அயிட்டம். அதுல ஒரு முழுக் கோழி, வேக வச்சது, கழுத்து தலையெல்லாம் அப்படியே இருக்கு. நான் ரெண்டு விரல் வச்சு ஒரு தள்ளு தள்ளினேன். கோழி மெதுவா வந்து லீயான் முன்னாடி நின்னுச்சு, அலகு நேரா அவ நெஞ்சைப் பாத்து. நான் கையைத் தட்டி, எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சீனத்துல, "தலை உனக்குத்தான், நீதான் தலை"ன்னு சொன்னேன். சத்தமா சொன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கல. இறால் உரிச்சிட்டிருந்த ஒருத்தர் பாதி உரிச்ச இறாலைக் கையில வச்சிக்கிட்டு அப்படியே இருக்காரு. பக்கத்து மேசைங்கள்ல பாட்டு, மைக்ல குலுக்கல் நம்பர் கத்துறாங்க, எங்க மேசை மட்டும் கரண்ட் போன வீடு மாதிரி.

இருங்கக்கா, பெல்ட்டு போட்டுக்கங்க, இந்தாளு ஓட்டுறது ஒரு மாதிரி. ஏர்போர்ட்லருந்து நம்ம ஃபேக்டரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, தாராளமாப் பேசலாம். நான் வந்ததுல இருந்து பேசிட்டே இருக்கேன்ல? என்னா பண்றதுக்கா, ரெண்டு வருஷமா நேருக்கு நேரா தமிழ் பேச ஆளே இல்ல. எச்.ஆர்ல மிஸ் வூன்னு ஒருத்தங்க. உங்க போட்டோவைக் காட்டி, உங்க ஊரு ஆளு வருது, ராணிப்பேட்டைன்னு போட்டிருக்கு, நீயே போய்க் கூட்டிட்டு வான்னாங்க. நான் ஆம்பூர்க்கா. கெசியா. ஃபுட்வேர் டிப்ளமா முடிச்சிட்டு நேரா இங்கதான்.

நீங்க வந்த நேரம் நல்ல நேரம். இன்னிக்கு சாயந்தரம் ஆறு மணிக்கு விருந்து. சீனக் கணக்குல வருஷக் கடைசி விருந்து, ஜனவரியிலயோ பிப்ரவரியிலயோ வரும், வெய்யான்னு சொல்வாங்க. அதுக்குத்தான் மொதல்லயே சொல்லி வைக்கிறேன். போன வருஷ விருந்துல எனக்கு யாரும் சொல்லலை பாருங்க.

சாதாரணமா இங்க கொண்டாட்டம்னா சூப்பரா இருக்கும்க்கா. மாசாமாசம் பொறந்தநாள். அந்த மாசத்துல பொறந்த எல்லாருக்கும் சேத்து ஒரே கேக்கு, கேக்கு மேல குட்டித் தக்காளி. சத்தியமா, தக்காளி. மொத தடவ பாத்து நான் எடுத்து ஓரமா வச்சேன், லீயான் எடுத்துத் தின்னுட்டா. அப்பால பௌர்ணமி பண்டிகைக்கு ஒரு பீங்கான் கிண்ணத்துல ஆறு தாயக்கட்டை போட்டு ஆடுவாங்க. இந்த ஊர்ல மட்டும்தான் அது. ஷாம்பு, சோப்பு, போர்வைன்னு பரிசு. நான் போட்டதுல நாலு கட்டையில நாலு விழுந்துச்சு, அதுதான் பெரிய பரிசாம், ஹாலே எழுந்து நின்னு கத்துது, எனக்கு எதுக்குன்னு தெரியல. லீயான் என் கையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு குதிக்கிறா. ரைஸ் குக்கர் அடிச்சேன். இன்னும் அதுலதான் சோறு.

லீயான் யாருன்னு சொல்லலைல்ல. புது ஷூ மாதிரி செய்யுற சாம்பிள் ரூம்ல என் எதிர் சீட்டு. என்னைவிட ஆறு வயசு பெரியவ. மத்தவங்களுக்கு நான் பேசுறது புரியாது, அவளுக்கு இங்கிலீஷ் வரும், அதனால எனக்கு வாயும் அவதான் காதும் அவதான். எந்தக் கடையில மிளகாத்தூள் காரமா இருக்கும், மேனேஜர்கிட்ட கிளாஸ் இடிக்கும்போது நம்ம கிளாஸைக் கீழ தாழ்த்தி இடிக்கணும், எல்லாம் அவ சொல்லிக் குடுத்தது. ஒரு ஞாயித்துக்கிழமை பஸ்ல கூட்டிட்டுப் போய்ப் பழைய கோயில் கல்லெல்லாம் காட்டினா. உங்க ஊர் வியாபாரிங்க எழுநூறு வருஷம் முந்தி இங்க கோயில் கட்டியிருக்காங்க, நீ என்னமோ ஒருத்தியா வந்த மாதிரி அழுவுறியேன்னா. அன்னிக்கு அழுதேன்தான், அம்மாவுக்கு ஃபோன் போகல.

அவ இந்த ஊர்க்காரி இல்ல. குய்ஜோன்னு வேற மாகாணம். ரொம்பத் தூரம். புள்ள ஒண்ணு, ஆறு வயசு, அங்க அவ அப்பா அம்மாகிட்ட இருந்தான். புருஷன் இல்ல, அது வேற கதை. அந்த விருந்துக்கு முந்தின வருஷம் முழுக்க அவளுக்கு ஒரே நெனப்பு, பையனை இங்க கூட்டிட்டு வந்து கவர்மென்ட் ஸ்கூல்ல ஒண்ணாவது சேக்கணும். வெளியூர்க்காரங்க புள்ளைங்கன்னா கம்பெனியில வேலை பாக்குறதா சான்று காட்டணும், நடுவுல வேலை விட்டிருந்தா ஆகாது. ஸ்கூல் வாசல்ல போய் போட்டோ எடுத்து வச்சிருந்தா. பை வாங்கிட்டா. நீலக் கலர்.

அந்த வருஷ டிசம்பர்ல ஆர்டர் கொறஞ்சு போச்சுக்கா. சாம்பிள் ரூம்ல அஞ்சு பேரு, நாலு பேரு போதும்னு மேலருந்து வந்திருச்சு. யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரியும். கேன்டீன்ல பேச்சே மாறிப்போச்சு. எவனாவது கூடுதலா ரெண்டு நாள் லீவு போட்டா எல்லாரும் அவன் சீட்டைப் பாப்பாங்க. என் பர்மிட் பேப்பர் வேற மிஸ் வூ மேசையில கிடந்துச்சு. வருஷா வருஷம் புதுப்பிக்கணும், கம்பெனி கையெழுத்துப் போட்டாத்தான் நாம இருக்கலாம், இல்லன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். மூணு வாரமா கையெழுத்து ஆகல. கேட்டா, வேலை அதிகம்மா, பாக்குறேன்மான்னு சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க. எனக்கு ஊர்ல தம்பி படிப்பு, அப்பா தோல் கம்பெனி வேலையை விட்டு நின்னுட்டாரு. நான் திரும்பிப் போய் நின்னா என்னா ஆகும்? ஆனா நான் பயப்படலைக்கா. ஜெபம் பண்ணிட்டு விட்டுட்டேன்.

அப்போதான் விருந்து வந்துச்சு. அன்னிக்கு மத்தியானமே ஃபேக்டரி கேட்டு பக்கத்துல மேசை போட்டு சாமிக்குப் படைச்சாங்க. மண்ணு சாமியாம், நிலத்துக்குக் காவல். பழம், கோழி, மீனு, ஊதுபத்தி, பேப்பர் எரிக்கிறது, எல்லாம் உண்டு. முதலாளி அம்மா குனிஞ்சு கும்பிடுறாங்க. நான் தள்ளி நின்னேன், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, படைச்சது தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்பியிருக்கு.

சாயந்தரம் ஹோட்டல்ல நாப்பது மேசை. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஆடணும். எங்க செட்டுக்கு நான்தான் ஸ்டெப்பு சொல்லிக் குடுத்தேன், லீயான் நடுவுல நின்னு ஆடினா, விசில் பறந்துச்சு. வேர்க்க வேர்க்க வந்து உக்காந்தா. எங்க மேசையில ஹோங் மேனேஜர், சாம்பிள் ரூம் அஞ்சு பேரு, கட்டிங்காரங்க நாலு பேரு. இப்போ யோசிச்சுப் பாருங்க. அவ்ளோ நல்லா ஆடியிருக்கா. எங்க ஊர்ல விருந்துன்னா தலை யாருக்குக் குடுப்பாங்க? பெரிய ஆளுக்கு. மாப்பிள்ளைக்கு. தலைன்னா தலைவர். ஃபிரெண்டைக் கூட, வா தலன்னுதான கூப்பிடுறோம்? அந்த சந்தோஷத்துல சுத்தினேன். வேற ஒண்ணும் இல்ல.

ஹோங் மேனேஜர்தான் மொதல்ல அசைஞ்சாரு. எழுந்து நின்னாரு. சிரிச்சாரு. அதெல்லாம் அந்தக் காலத்துக் கதை, இப்ப யாரு பாக்குறா, சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னாரு. அப்புறம் கிளாஸை எடுத்துக்கிட்டு சுத்தி நடந்து லீயான்கிட்ட வந்து, இந்த வருஷம் ரொம்ப உழைச்சிட்டேன்னு சொல்லி கான்பெய்னாரு. முழு கிளாஸும் குடிக்கணும்னு அர்த்தம். மேனேஜர் எழுந்து வந்து ஒரு ஒர்க்கரோட குடிக்கிறதை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். லீயான் கிளாஸைத் தாழ்த்தினா. இன்னும் தாழ்த்தினா. மேசையிலயே இடிக்குது கிளாஸு.

அதுக்கப்புறம் ஒருத்தரும் அந்தக் கோழியைத் தொடல. தட்டையும் யாரும் சுத்தல. மீன் எதிர்ல இருக்கு, கட்டிங்காரர் ஒருத்தர் எழுந்து நின்னு கை நீட்டி எடுக்குறாரு, சுத்த மாட்டேங்குறாரு.

என்னா விஷயம்னு எனக்கு பாத்ரூம்லதான் தெரிஞ்சுது. லீயான் கண்ணாடி முன்னாடி நின்னு மேக்கப்பை அழிச்சிட்டிருக்கா. அழிச்ச இடத்தையே அழிக்கிறா. இந்தப் பக்கத்துல பழைய வழக்கமாம்க்கா. வருஷக் கடைசி விருந்துல முதலாளி கோழித் தலையை யாரு பக்கம் திருப்பி வைக்கிறாரோ, அவனுக்கு அடுத்த வருஷம் வேலை இல்ல. வாயால சொல்ல மாட்டாங்க. சாப்பாடு போட்டு, தலையைத் திருப்பிருவாங்க. அவன் புரிஞ்சுக்கணும். இப்பல்லாம் அப்படி இல்ல, ஒண்ணு தலையை வெட்டிட்டுக் கொண்டு வருவாங்க, இல்ல மேனேஜர் பக்கமே வச்சிருவாங்க, எல்லாரும் நிம்மதியா சாப்பிடட்டும்னு. அன்னிக்கு அந்த ஹோட்டல்காரங்க தலையோட வச்சது யாரு சொல்லின்னு எனக்குத் தெரியாது.

நான் அவ கையைப் பிடிச்சிக்கிட்டு, எனக்கு எப்படி லீயான் தெரியும், யாரு சொன்னாங்கன்னேன். அவ கண்ணாடியிலயே என்னைப் பாத்து ஒண்ணு சொன்னா.

"நான் சொன்னேன். போன செவ்வாக்கிழமை. கேன்டீன்ல."

சொல்லியிருக்கலாம்க்கா. சொல்லலைன்னு நான் சொல்லல. அவ தினம் நூறு கதை சொல்லுவா. அன்னிக்கு நான் தம்பிகூட மெசேஜ்ல இருந்தேன். கோழி, முதலாளி, என்னமோ சொல்லிச் சிரிச்சா, நானும் சிரிச்சேன். ஒரு காதுல வாங்கறதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டதா ஆயிடுமா? பாதி இங்கிலீஷ், பாதி சீனம். உங்களுக்கே போகப் போகத் தெரியும்.

அது வெறும் கதைன்னு ஹோங் மேனேஜரே சொல்லிட்டாரே, அவருக்கில்லாத பயமான்னு நெனச்சேன். சீனப் புதுவருஷத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. நான் மட்டும் ஹாஸ்டல்ல. எட்டாம் நாளு ஃபேக்டரி திறந்தாங்க. கேட்டுல பத்தாயிரம் வாலா, புகையில ஆளே தெரியல. வந்தவங்க எல்லாருக்கும் முதலாளி அம்மா சிவப்புக் கவர் குடுக்கறாங்க. நான் லீயானுக்காக நின்னு நின்னு பாத்தேன். கவர் எல்லாம் முடிஞ்சுது. உள்ள போனா அவ மேசை தொடச்சு வச்சிருக்கு. குய்ஜோவுல இருக்கும்போதே ஃபோன்ல மெசேஜ் போயிருக்கு, நீ திரும்பி வர வேணாம்னு.

அவ பையன் இங்க ஸ்கூல்ல சேரலைக்கா. சான்று இல்லாம எப்படிச் சேக்குறது? செப்டம்பர்ல அவங்க ஊர் ஸ்கூல்லயே போட்டுட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க. லீயான் இப்ப வேற மாகாணத்துல, ஏதோ பொம்மை கம்பெனியாம். பையன் இன்னும் தாத்தாகிட்டதான்.

என் பேப்பரா? அது விருந்து முடிஞ்ச மூணாம் நாளே கையெழுத்தாயிடுச்சு. மிஸ் வூ தானா கூப்பிட்டுக் குடுத்தாங்க. நான் சாட்சி சொன்னேன் எங்க சர்ச் குரூப்ல, கர்த்தர் வழி திறந்தாருன்னு. லீயான் பாத்த வேலையையும் என்கிட்டயே குடுத்துட்டாங்க, என் வேலைப் பேரும் மாத்திட்டாங்க, ஒருங்கிணைப்பாளர். இப்ப அவ சீட்லதான் உக்காந்திருக்கேன், ஜன்னல் பக்கம், வெளிச்சம் நல்லா இருக்கும்.

நான் அவளுக்கு மெசேஜ் மேல மெசேஜ் போட்டேன்க்கா. ஸாரி, அழுவுற பொம்மை, கும்பிடுற பொம்மை, எல்லாம் அனுப்பினேன். இருபது நாள் கழிச்சு ஒரே ஒரு பதில் வந்துச்சு. ஒரு வரி.

"நீ தொடறதுக்கு முன்னாடி தலை யாரைப் பாத்துட்டு இருந்துச்சு?"

இதெல்லாம் ஒரு கேள்வியாக்கா? பத்து பேரு மேசை, யாரையாவது பாத்துட்டுத்தான இருக்கும். என்னைப் பாத்துட்டு இருந்துச்சு. அதுக்கென்ன? ஹோங் மேனேஜர் சூப்பு எடுக்கத் தட்டைச் சுத்தினாரு. சூப்பு அவருகிட்ட வந்தப்போ கோழி எங்கிட்ட வந்து நின்னுச்சு. சூப்பு எடுத்தாரா இல்லையான்னு நான் கவனிக்கல. அவரு கிண்ணம் காலியாத்தான் இருந்த மாதிரி ஞாபகம். எனக்கு அந்தக் கோழி முன்னாடி இருக்கறது ஒரு மாதிரி இருந்துச்சு, படைச்ச கோழியோ என்னமோ, நாங்க தொட மாட்டோம்ல. அதனாலதான் தள்ளி விட்டேன். அந்தக் கண்ணு வேற பாதி தொறந்து... யாருக்கா இருந்தாலும் தள்ளத் தோணும்.

இல்லக்கா, மொதல்ல சொன்னதும் நெசந்தான். தலைவருன்னு மரியாதைக்குத்தான் சுத்தினேன். படைச்சதுங்கறதும் நெசந்தான். ரெண்டும் சேந்து ஒருத்திக்குத் தோணக் கூடாதா? அவகிட்டயும் இதையேதான் எழுதினேன். பாத்துட்டா. அப்பால என்னை பிளாக் பண்ணிட்டா.

பத்து பேரு இருந்த மேசையில ஏன் அவகிட்டயே நின்னுச்சுன்னு நீங்களும் கேப்பீங்க. நான் ரெண்டு விரல்தான்க்கா வச்சேன். அது எங்க நிக்கும்னு நானா முடிவு பண்ண முடியும்? நின்னப்புறம் ஒரு சின்னத் தள்ளு குடுத்தேன், அவ்ளோதான். மொதல்ல கட்டிங்காரர் பக்கம் பாதி, இவ பக்கம் பாதின்னுதான் நின்னுச்சு. அவருக்கு ரெண்டு பொண்ணு, வயசான மனுஷன்.

தண்ணி குடிங்கக்கா. மூஞ்சி வாடிப் போச்சு உங்களுக்கு. ஃபிளைட்டு டயர்டா இருக்கும்.

இந்த வருஷம் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. ஆர்டர் பரவால்ல. நாலு பேருதான், அந்த நாலு பேரும் அப்படியே இருக்கோம். இப்ப நீங்க வந்தா அஞ்சு. மிஸ் வூ சீட்டிங் லிஸ்ட் போட்டுட்டாங்க, ஹோங் மேனேஜர் மேசைதான் நமக்கு. எனக்கு நேர் எதிர்ல உங்க சீட்டு. பக்கத்துல போடுங்கன்னு கேட்டேன், மேனேஜரே போட்டதாம், மாத்தக் கூடாதாம். உங்களுக்கு எல்லாத்தையும் கத்துக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. எந்த அலமாரியில எந்த சாம்பிள், எந்த ஃபைலுக்கு என்னா பாஸ்வேர்டு, ஒண்ணு விடாம. ரெண்டு வாரத்துல முடிக்கணும்னாங்க. பாஸ்வேர்டு எதுக்கு ரெண்டு பேருக்குன்னு நெனச்சேன், அப்புறம் ஒருத்தர் லீவுல போனா வேணும்லன்னு விட்டுட்டேன்.

எதுக்குக்கா கேக்குறீங்க? என் பர்மிட்டா? பிப்ரவரி பதினெட்டு வரைக்கும் இருக்கு. பேப்பர் மிஸ் வூகிட்ட குடுத்துட்டேன், மூணு வாரம் ஆச்சு. வருஷக் கடைசி பாருங்க, அவங்களுக்கும் தலைக்கு மேல வேலை. மூஞ்சியைக் கூட நிமித்திப் பாக்க நேரமில்ல பாவம்.

உங்க லெட்டர்ல எந்தத் தேதியிலருந்து வேலைன்னு போட்டிருக்கு? எங்க, காட்டுங்க.

பிப்ரவரி பத்தொன்பது.

சரி. ஒருங்கிணைப்பாளர்னே போட்டிருக்காங்க. அதே பேரு. அது... அப்படித்தான் போடுவாங்க எல்லாருக்கும்.

தோ, அந்தப் பாலம் தாண்டினா நம்ம ஃபேக்டரிதான். நேரா ஹோட்டலுக்கே விட்டுருவாரு, உங்க பெட்டியை வண்டியிலயே வச்சிக்கலாம். மணி அஞ்சு நாப்பது.

அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எட்டு வருஷம் ராணிப்பேட்டையில வேலை பாத்தவங்க, நாலு பேரைப் பாத்திருப்பீங்க. நான் தெரியாமத்தான் பண்ணேன். யாருகிட்ட வேணா சத்தியம் பண்ணுவேன். ஆனா சில நேரம் ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கும்போது என் ரெண்டு விரலைப் பாப்பேன். அந்த செவ்வாக்கிழமை கேன்டீன்ல அவ சொன்னப்போ நான் சிரிச்சேன்ல, புரியாமயா சிரிச்சேன்? கை முந்திக்கும், காரணம் எல்லாம் அப்பால வரும், ஒவ்வொண்ணா, எல்லாமே நெசமாவும் இருக்கும். எனக்கு மட்டும்தானா இது? உங்களுக்கு எப்பவாவது இப்படி ஆயிருக்கா? சொல்லுங்கக்கா. ஏன் என் கையையே பாக்குறீங்க, உங்களுக்கும் ஆயிருக்கா?